ஆர்பத்நாட் கதவைச் சாத்திய திங்கட்கிழமை

1906 அக்டோபர் 20, சனிக்கிழமை. லண்டன் சுரங்க ரயில் பாதையில் பேட்ரிக் மக்ஃபேடியன் என்ற நிதித் தொழிலதிபர் உயிரை மாய்த்துக்கொண்டார். திங்கட்கிழமை 22ஆம் தேதி, சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்தியது. பணம் போட்டவர்கள் ஓடிவந்து பார்த்தபோது உள்ளே பதில் சொல்ல ஆளில்லை.

பாரி, பின்னி, ஆர்பத்நாட் என்று ஒரே மூச்சில் சொல்லப்பட்ட காலம் அது. அரசு ஆதரவு பெற்ற பாங்க் ஆஃப் மெட்ராஸ் இருந்தும், ஓய்வூதியக்காரர், கைம்பெண், ஜமீன்தார், கோயில் தர்மகர்த்தா என்று ஆயிரக்கணக்கானோர் ஆர்பத்நாட்டைத் தேடிப்போய் டெபாசிட் போட்டார்கள். வட்டி தாராளம். அதைவிட, தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டின் பெயரே போதுமான ஜாமீனாக இருந்தது.

சரிந்தது ஒரு நாளில். அரித்தது பல ஆண்டுகள். ஆர்பத்நாட் ஒரு கூட்டாளி நிறுவனம். பங்குதாரர் கிடையாது, ஆண்டுக் கூட்டம் கிடையாது, ஐந்தொகையை ஊருக்குக் காட்ட வேண்டிய கட்டாயமும் கிடையாது. லண்டனில் இருந்த மக்ஃபேடியன் கம்பெனி பெயரளவில் தனி நிறுவனம்தான். ஆனால் சர் ஜார்ஜுக்கு அதிலும் பங்கு. மக்ஃபேடியனுக்கு இதிலும் பங்கு. சென்னையில் சேர்ந்த பணம் லண்டனுக்குப் போகும்; அங்கே அது எந்தச் சூதாட்டத்தில் இறங்குகிறது என்று இங்கே யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய ஒரே ஆள் சர் ஜார்ஜ்.

லண்டன்காரர் செய்த வினைக்கு இவர் மாட்டிக்கொண்டார் என்று அவருக்காக வாதாடலாம். எனக்கு அது ஒப்பவில்லை. வியாபாரத்தில் நஷ்டம் சகஜம். கஜானா காலி என்று தெரிந்த பிறகும் புது டெபாசிட் வாங்கிக்கொண்டிருப்பது வேறு கணக்கு. நீதிமன்றமும் அப்படித்தான் பார்த்தது. காலனி ஆட்சியின் சென்னையில், சர் பட்டம் பெற்ற ஒரு வெள்ளைக்காரருக்கு 18 மாதக் கடுங்காவல் என்றால், ஊர் எவ்வளவு கொதித்திருக்க வேண்டும்!

அதே புயலில் பின்னியும் தள்ளாடியது. பின்னாளில் இஞ்ச்கேப் பிரபு ஆன ஜேம்ஸ் மக்கே கைக்கு அது போய்ப் பிழைத்தது. மூன்றில் ஆட்டம் காணாமல் நின்றது பாரி ஒன்றுதான்.

இந்தக் களேபரத்தில் பணத்தை இழந்தவர்களுக்காக நின்றவர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர். அரசியலில் மிதவாதி. ஆனாலும் தீவிரவாதியான பாரதியின் தேசியப் பாடல்களைத் தம் செலவில் அச்சிட்டு இலவசமாகப் பரப்பிய விசித்திர மனிதர். வழக்காடி, ஃபீஸ் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போயிருக்கலாம். வெள்ளைக்காரனை நம்பியதுதான் தப்பு என்று மேடையில் முழங்கியிருந்தால் கைதட்டலும் கிடைத்திருக்கும். சுதேசி அலை அடித்த நேரம், வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாகி ஆறு நாள்தான் ஆகியிருந்தது.

அவர் கண்ணில் பட்டது வேறு ஓட்டை. நாலு கூட்டாளிகளின் மனசாட்சியை மட்டும் நம்பி ஊர்ப் பணம் இருக்கக் கூடாது என்று பட்டது அவருக்கு. பங்குதாரர், இயக்குநர் குழு, வெளியே வைக்கப்படும் கணக்கு என்று கூட்டுப் பங்கு வங்கி ஒன்றுக்குத் திட்டம் போட்டார். நகரத்தார் சமூகத்தின் பெரும் தனவணிகர்களும் கைகொடுத்தார்கள். வட்டித் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். வங்கி என்றால் என்னவென்று அவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1907 மார்ச் 5 அன்று இந்தியன் வங்கி பதிவாயிற்று. ஆகஸ்ட் 15 அன்று கவுன்டர் திறந்தது. ஆர்பத்நாட் விழுந்து ஓராண்டுகூட ஆகவில்லை. முதல் அலுவலகம் அமைந்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன்: பாரி கட்டடம்!

கிருஷ்ணசாமி ஐயர் பிறகு உயர் நீதிமன்ற நீதிபதியானார், ஆளுநரின் நிர்வாக சபைக்குப் போனார், 1911இல் காலமானார். வங்கி இன்றும் நடக்கிறது.

ஆனால் பங்குதாரரும் இயக்குநரும் இருந்துவிட்டால் மட்டும் வங்கி விழாதா? 1938இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி விழுந்தது. அப்போது திருவிதாங்கூர் திவானாக இருந்த சர் சி.பி. ராமசாமி ஐயர், இளம் வயதில் இதே கிருஷ்ணசாமி ஐயரிடம் ஜூனியராகத் தொழில் பழகியவர். அந்தக் கதை அடுத்த வாரம்.