தட்டியும் கண்ணாடியும்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடுகளுக்கான படிவத்தில் ஒரு சின்னக் கேள்வி இருந்தது: வீட்டு வளாகத்துக்குள் குளிக்க இடம் உண்டா? பதிலுக்கு மூன்றே வகை. குளியலறை, கூரையில்லாத அடைப்பு, எதுவுமில்லை. இந்தியக் குடும்பங்களில் 42 விழுக்காடு முதல் வகை. 16 விழுக்காடு இரண்டாம் வகை. மீதி, அதாவது பத்துக்கு நான்கு குடும்பங்கள், எதுவுமில்லாதவை. கூரையில்லாத அடைப்பு என்று அரசு எழுதியதற்கு காரைக்காலில் எங்களிடம் ஒரு பெயர் இருந்தது. தட்டி.

கிணற்றடியில் நான்கு மூங்கில் நட்டு, கீற்று முடைந்து கட்டி, வாசலில் பழைய புடவையொன்றைத் தொங்கவிட்டால் தட்டி. காற்றடித்தால் புடவையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் தண்ணீர் மொள்ள வேண்டும். அதுவும் இல்லாதவர்களுக்கு அரசலாறு, வாய்க்கால், குளம். பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டி, அதற்குள்ளேயே சோப்புப் போட்டு, அதற்கு மேலேயே ஈரத்தை மாற்றிக்கொள்ளும் வித்தையை இந்த டெல்டாவின் பெண்கள் ஒவ்வொரு தலைமுறையாகக் கற்றார்கள். பொழுது விடியுமுன் குளிப்பதைப் பக்தி என்றார்கள். இருட்டு ஒரு மறைப்பு என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை. நீராடலைப் பாடிய நம் பழம்பாடல்களில் கரையில் நின்று பார்க்கும் கண்கள் நிறைய உண்டு. துணி மாற்ற இடம் தேடிய பெண்ணை நான் அங்கே தேடிக்கொண்டேயிருக்கிறேன். படித்துறையிலும் எல்லோருக்கும் இடமில்லை. சாதிக்கொரு துறை இருந்தது. சில குளங்களில் சிலருக்குத் துறையே இல்லை.

இந்த ஊரின் நடுவே குளமும் கோயிலும் கொண்டு இருப்பவர் காரைக்கால் அம்மையார். கணவனுக்காகத் தாங்கிய அழகிய உடல் இனி வேண்டாம் என்று சொல்லிப் பேயுருக் கேட்டு வாங்கியவர். அதைத் துறவு என்றே வகுப்பில் நடத்துகிறோம். பார்க்கப்படுவதிலிருந்து கேட்டு வாங்கிய விடுதலை என்று மாணவிகள் சொல்லும்போது நான் மறுப்பதில்லை.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு கிளிஞ்சல்மேடும் பட்டினச்சேரியும் உட்பட எங்கள் மீனவ ஊர்கள் குலைந்து கிடந்தன. அந்த நாட்களில் தமிழகக் கடலோரம் முழுக்க, தற்காலிகக் குடியிருப்புகளில் பெண்கள் திரும்பத் திரும்பச் சொன்ன குறைகளில் ஒன்று, குளிக்க மறைவிடம் இல்லை என்பது. அரிசி வந்தது, துணி வந்தது. கதவு கடைசியாகத்தான் வந்தது.

இனி கண்ணாடி. பிரெஞ்சு ஆட்சி இங்கே 1739இல் தொடங்கியது. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது, சட்டப்படியான மாற்றம் 1962இல். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தவர்கள் கடல் கடந்தார்கள். அவர்கள் விடுமுறைக்கு வரும்போது குளியலறைகள் மாறின. ஷவர் என்றாலே பிரான்சு நாகரிகம் என்று இங்கே ஒரு பிரமிப்பு இன்னும் உண்டு. அதே 1954இல் பிரான்சில் எடுத்த கணக்கெடுப்பின்படி அங்கே குளியல்தொட்டியோ ஷவரோ இருந்தது ஏறக்குறைய பத்தில் ஒரு வீட்டில்தான். பிரமிப்பவர்களிடம் இதைச் சொல்வது எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி.

போன ஆண்டு அண்ணி பிரான்சிலிருந்து வந்து எங்கள் பழைய வீட்டுக் குளியலறைக்குச் சட்டமில்லாத கண்ணாடிக் கதவு போட வேண்டும் என்றார். விசாரிக்கும் வேலை என்னுடையதாயிற்று. கண்ணாடியைச் சூடாக்கி எண்ணெயில் தோய்த்து உறுதியாக்கும் முறைக்கு 1874இல் காப்புரிமை பெற்றவர் தெ லா பாஸ்தி என்ற பிரெஞ்சுக்காரர். இப்போது 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்றைப் பீய்ச்சிச் சட்டென்று குளிர்விக்கிறார்கள். கடையில் டஃபன்டு கிளாஸ் என்பார்கள். சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு உறுதி. உடைந்தால் கத்திபோலப் பிளக்காமல் கல்கண்டுத் துண்டுகளாக உதிரும். ஆனால் உறுதியாக்கிய பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது. அளவு பிசகினால் கதவே வீண். அதனால் தரையில் ஓடு பதித்து முடித்த பிறகே அளவெடுக்க வேண்டும். மூலையில் தர முத்திரை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதன் பலவீனம் விளிம்பு. நடுவில் தட்டினால் தாங்கும், ஓரத்தில் ஒரு வாளி இடித்தால் மொத்தமும் கொட்டிவிடும்.

சட்டம் இல்லாததால் பாரம் முழுதும் கீல்களில் தொங்கும். 10 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 25 கிலோ. ஏழடிக்கு இரண்டரையடிக் கதவு 40 கிலோவைத் தொடும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய எங்கள் சுவர் அதைத் தாங்காது என்று கொத்தனார் முதல் நாளே சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் சுவரைப் பெயர்த்துக் கட்டினோம். கீலுக்கு 316 என்ற ரக எவர்சில்வர் கேட்டு வாங்கினோம், கடல்காற்றில் மற்றது சீக்கிரம் புள்ளி விழும். வழுக்கி விழுந்தவரை எடுக்க வசதியாகக் கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி வைத்தோம். அண்ணி கேட்டது தெளிந்த கண்ணாடி. அம்மா வந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, இதுக்குத் தாப்பா எங்க?" என்றார். குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதே, இது உள்ளே தண்ணீர் தெறிக்காமலிருக்கத்தான் அத்தை என்று அண்ணி விளக்கினார். தட்டிக்குள் ஒரு கையால் புடவையைப் பிடித்தபடி அறுபது வருடம் குளித்தவருக்கு அந்த விளக்கம் போதவில்லை. முடிவில் பனிக்கண்ணாடி வந்தது.

எங்கள் ஊர் ஆழ்துளைத் தண்ணீர் உப்பு. சொட்டுகள் காயும் இடத்தில் வெள்ளை வட்டங்கள் படியும். கட்டிச் சோப்பும் அந்தத் தண்ணீரும் சேர்ந்தால் சாம்பல் நிறத்தில் ஒரு ஏடு. அதன்மேல் வெள்ளிக்கிழமை நல்லெண்ணெய், சீயக்காய், மஞ்சள். ஓரத்து ரப்பர் பட்டையில் ஏறிய மஞ்சள் போவதேயில்லை. வழி இதுதான்: குளித்த கையோடு ரப்பர் வைப்பரால் மேலிருந்து கீழே ஒரு முறை இழுத்துவிட வேண்டும். வாரத்துக்கொரு முறை வினிகரில் பாதித் தண்ணீர் கலந்து துணியில் நனைத்துக் கால்மணி நேரம் ஒற்றிவைத்துத் துடைக்கலாம். பளிங்குத் தரையில் சிந்தக்கூடாது. கழிப்பறை ஆசிட் கீலை அரிக்கும், கம்பிநார் கீறும். பட்டையை மாதமொரு முறை கழற்றிக் கழுவாவிட்டால் கறுப்புப் பூஞ்சை.

குளித்த கையோடு ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடம் அண்ணனுக்கு ஒருநாளும் கிடைக்கவில்லை. அண்ணி இழுத்தார், அவர் ஊருக்குத் திரும்பிய பிறகு நான் இழுத்தேன். இப்போது வீட்டு வேலைக்கு வரும் அக்கா வினிகர்த் துணியோடு நிற்கிறார். அவர் வீட்டில் இன்னும் தட்டிதான், கீற்றுக்குப் பதில் நீலத் தார்ப்பாய். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் அவர் ஒருநாளும் குளித்ததில்லை. குளித்துவிட்டுப் போங்கள் என்று நாங்களும் சொன்னதில்லை.