மலையகத் தோட்டச் சம்பளம்

இலங்கையின் தேயிலை, இறப்பர் தோட்டங்களில் நாள் கணக்கில் பதிந்து, மாதம் ஒருமுறை கொடுக்கப்படும் கூலி. ஒரு நாள் வேலை, செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் ஒரு ‘பேர்’ என்று விழும். தோட்டம் விதித்த நிறைக்குத் தேயிலைக் கொழுந்து எடுக்காவிட்டால் அரைப்பேர். அதற்கு மேல் எடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று தனிக்காசு. நாட்சம்பளம் எத்தனை ரூபாய் என்பதையே வெளியில் பேசுவார்கள். அந்த ரூபாய் எவற்றையெல்லாம் கூட்டி வந்தது, எந்த நிபந்தனையின் பேரில் கைக்கு வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இதன் வரலாறு விளங்கும்.

கோப்பிக் காலத்தில், சென்னை மாகாணத்திலிருந்து ஆள் திரட்டி வந்த கங்காணியே தோட்டத் துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நின்றார். வழிச்செலவும் முற்பணமும் கடனாக ஏறின. தன் ஆட்கள் பிரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, வந்த ஒவ்வொரு நாளுக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. கடன் தொகை எழுதிய ‘துண்டு’ இல்லாமல் ஒரு கூட்டம் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது; சேர்த்துக்கொள்ளும் தோட்டம் அந்தக் கடனைத் தீர்க்க வேண்டும். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டார். பின்னர் இலைநோயால் கோப்பி அழிந்து தேயிலை பரவியது. பயிர் மாறியும் கணக்கு மாறவில்லை. துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது 1921இல்தான்.

1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்படி 1929இல் விகிதங்கள் நடைமுறைக்கு வந்தன. உயர்மலைப் பகுதியில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. பிள்ளையின் கூலிக்கும் சட்டத்தில் இடம் இருந்தது என்பதே அந்தக் காலத்தைக் காட்டுகிறது. தோட்டம் கொடுக்கும் அரிசியின் விலையோடு சேர்த்தே இந்த விகிதங்கள் வகுக்கப்பட்டன. 1930களின் பெருமந்தத்தில் இவையும் வெட்டப்பட்டன. 1940 ஜனவரியில், சம்பள உயர்வு கேட்டு நடந்த முல்லோயா தோட்ட வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் உயிரிழந்தார். அடுத்த ஆண்டு சம்பளச் சபைகள் சட்டம் வந்தது.

கொழுந்து எடுப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் அவர்களுக்குக் கிடைத்தது 1984இல், அதுவும் வேலைநிறுத்தத்தின் பின்னரே.

இதற்குள் அரசுடைமையாகியிருந்த தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் தனியார் கம்பனிகளிடம் போனது. பின்னர் முதலாளிமார் சம்மேளனமும் தொழிற்சங்கங்களும் கூட்டு ஒப்பந்தம் செய்து சம்பளத்தைத் தீர்மானித்தன. 2016 ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 730 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளம் 500 மட்டுமே. வரவுக் கொடுப்பனவு 60, உற்பத்தித்திறன் கொடுப்பனவு 140, விலைப் பங்கு 30. தொழிலாளியும் முதலாளியும் கட்டும் ஊழியர் சேமலாப நிதி அடிப்படைச் சம்பளத்துக்கே கணக்கிடப்பட்டது. ஆயிரம் ரூபாய் கேட்டு நடந்த நீண்ட போராட்டத்தின் முடிவில், 2019 ஒப்பந்தம் அடிப்படையை 700 ஆக்கி, வரவு, உற்பத்தித்திறன் கொடுப்பனவுகளை நீக்கி, விலைப் பங்கை 50 ஆக்கியது. மொத்தம் 750. அந்த நிதிக்குத் தொழிலாளி கட்டும் 8 சதவீதப் பங்கைக் கழித்துப் பார்த்தால், முன்பு எல்லாக் கொடுப்பனவும் பெற்றவர் கைக்கு வந்தது 690, இப்போது 694. இந்த நாலு ரூபாயைச் சம்பள உயர்வு என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. ஆனால் நோயாலோ வரட்சியாலோ கொடுப்பனவுகளை இழந்து 490 ரூபாயோடு திரும்பியவருக்கு அந்த மாற்றம் மிகப் பெரியது. நிதியில் முதலாளி வைப்பிடும் 12 சதவீதமும் 60 ரூபாயிலிருந்து 84 ஆனது.

2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை ஆயிரத்தை, 900 ரூபாயும் 100 ரூபாய் வரவுசெலவு நிவாரணப்படியுமாக, வர்த்தமானியில் அறிவித்தது. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. பல தோட்டங்களில் ஒரு பேருக்கு எடுக்க வேண்டிய கொழுந்து 18, 20 கிலோ என்று கூடியது. செடிகள் வயதாகிக் காடு மண்டிய மலையில் அந்த நிறை எல்லா நாளும் கிடைப்பதில்லை. சில தோட்டங்கள் செடிகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்துக் கிலோவுக்குப் பணம் தரும் முறைக்கு மாறின. அம்முறையில் வேலை செய்வோரில் பலர் சேமலாப நிதியை இழக்கிறார்கள்.

2024 ஏப்ரல் 30இல் 1,700 ரூபாய் அறிவிக்கப்பட்டது. கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. செப்டம்பரில் 1,350 ரூபாய் உறுதியானது. 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம் அதை 1,550 ஆக்கவும், நாளாந்த வரவுக்காக அரசு 200 ரூபாய் சேர்த்து 1,750 ஆக்கவும் முன்மொழிந்தது. 2019இல் நீக்கப்பட்ட வரவுக் கொடுப்பனவை இம்முறை கொடுக்க முன்வந்திருப்பது அரசு.