முதல் விளக்கு யாருக்கு?

உதவி என்பது இனிய சொல். அச்சொல் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டிற்குக் கப்பலேறிப் போகும்போது, அதனுடன் என்னென்ன ஏறிப் போகின்றன என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. கடன்சீட்டு போகிறது, ஒப்பந்தம் போகிறது, எதை முதலில் செய்வது, எதைப் பிறகு பார்ப்பது, எதைப் பாராமலே விடுவது என்று முடிவு கட்டும் உரிமையும் அவற்றோடு சேர்ந்து போகிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாடு இதற்குக் கண்கண்ட சான்று.

1957 மார்ச் 6. ‘தங்கக் கடற்கரை’ என்று வெள்ளையர் இட்ட பெயரைக் களைந்தெறிந்து, கானா என்னும் பெயர் பூண்டு விடுதலை பெற்றது அந்நாடு. தலைவர் குவாமே நிக்ருமா. கோகோவை விளைவித்துக் கப்பலேற்றிவிட்டு, ஆணி முதல் ஆடை வரை அயல்நாட்டில் வாங்கும் வாழ்வு மாறவேண்டும் என்பது அவர் வேட்கை. ஆலைகள் எழவேண்டும், ஆலைகளுக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் தர வோல்ட்டா ஆறு இருந்தது. அலுமினியத்தின் மூலப்பொருளான பாக்சைட் மண்ணுக்குள் கிடந்தது. அணைகட்டத் தக்க இடத்தை ஆல்பர்ட் கிட்சன் என்ற நிலவியல் அறிஞர் 1915-லேயே காட்டியிருந்தார். ஆறும் தன்னுடையது, மண்ணும் தன்னுடையது; இல்லாதது பணம் ஒன்றே.

1956-இல் வெளிவந்த ஆய்வுக்குழு அறிக்கை முழுமையான திட்டம் ஒன்றை வகுத்தது. சொந்தச் சுரங்கத்தில் பாக்சைட் வெட்டுவது, சொந்த இருப்புப்பாதையில் ஏற்றுவது, சொந்த ஆலையில் தூய்மைப்படுத்துவது, சொந்த மின்சாரத்தில் உருக்குவது! மண்ணிலிருந்து உலோகம் வரை கானாவின் கையிலேயே நிற்கும் தொழிற்சங்கிலி அது. செலவுக் கணக்கைக் கண்ட பிரிட்டிஷ் முதலாளிகள் பின்வாங்கினர். கானா அமெரிக்காவை நோக்கிற்று.

அந்த நாளில் நடந்த நிகழ்ச்சி ஒன்று, எந்த ஏட்டிலும் அழியாமல் இருக்கவேண்டியது. 1957 அக்டோபரில் கானாவின் நிதியமைச்சர் கொம்லா பெடெமா, அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் சாலையோர உணவகம் ஒன்றில் ஆரஞ்சுச் சாறு கேட்டார். சாறு தந்தார்கள், உள்ளே அமர்ந்து பருகக்கூடாது என்றார்கள். காரணம், அவருடைய தோலின் நிறம்! அவ்வாண்டு மார்ச்சில்தான் அமெரிக்கத் துணைத் தலைவர் நிக்சன், கானாவின் விடுதலை விழாவில் விருந்தாளியாக இருந்து திரும்பியிருந்தார். செய்தி உலகெங்கும் பரவியது; வெள்ளை மாளிகை வெட்கியது. குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் பெடெமாவைக் காலை உணவுக்கு அழைத்தார். அந்த மேசையில் வோல்ட்டா அணையின் பேச்சும் எழுந்தது. அவமதிப்புக்கு ஈடாகத் திறந்த கதவு அது. ஆயினும், கதவு திறந்தவர்கள் கணக்கை மறந்துவிடவில்லை.

ஆதாயமின்றி ஆற்றில் இறங்குவார் யார்? கெய்சர் என்னும் அமெரிக்க நிறுவனம் திட்டத்தை மறு ஆய்வு செய்து 1959-இல் அறிக்கை தந்தது. அணை அக்கோசோம்போவுக்கு மாறியது; செலவு குறைந்தது. கூடவே அந்தத் தொழிற்சங்கிலியும் அறுந்தது. உருக்காலை தேமா துறைமுகத்தில் எழும். அதற்கான அலுமினா கானாவின் மண்ணிலிருந்து வராது, கடல் கடந்து கப்பலில் வரும்! கானாவின் பாக்சைட் வெளிநாட்டுக்கும், வெளிநாட்டு அலுமினா கானாவுக்கும் போய்வரும் புதுமையைப் பொருளாதாரம் என்றார்கள். உருக்காலைக்கென அமைந்த ‘வால்கோ’ நிறுவனத்தில் கெய்சருக்கு 90 விழுக்காடு, ரெனால்ட்சுக்கு 10 விழுக்காடு.

1962-இல் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. உலக வங்கி 4 கோடியே 70 லட்சம் டாலர் கடன் தந்தது. அமெரிக்காவும் பிரிட்டனும் மேலும் கடன் தந்தன. ஏறத்தாழப் பாதிச் செலவைக் கானா தன் கருவூலத்திலிருந்தே கொடுத்தது. கடன் தந்தவர்கள் கேட்ட உறுதி ஒன்று உண்டு: மின்சாரத்தை நெடுங்காலம் வாங்க ஒருவர் இருக்கவேண்டும். அந்த ஒருவர் வால்கோ. அதற்கு ஓர் அலகு மின்சாரம் 2.625 மில். ஒரு மில் என்பது டாலரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆயிரம் அலகுக்கு இரண்டரை டாலருக்குச் சற்று மேல். இதுவும் 30 ஆண்டு ஒப்பந்தம்! வரிச்சலுகைகள் வேறு. அணையின் மின்சாரத்தில் பாதிக்கும் மேல் அந்த ஒரே ஆலைக்குச் சென்றது.

இனி, வரவேட்டில் ஏறாத செலவைப் பார்ப்போம்.

அணை நீரைத் தேக்கியபோது 8,500 சதுர கிலோமீட்டர் நிலம் நீருக்குள் மறைந்தது. 700-க்கும் மேற்பட்ட ஊர்கள் மூழ்கின. 80,000 மக்கள் வீடும் வயலும் இழந்தனர்; 52 புதிய குடியிருப்புகள் அமைக்கப்பட்டன. அங்கே எழுந்த வீடுகளில் ஒரே ஓர் அறை மட்டும் முடிக்கப்பட்டிருந்தது. மற்றவற்றைக் குடியேறியவரே கட்டிக்கொள்ள வேண்டும். உழுவதற்கு ஒதுக்கிய நிலம் உரிய காலத்தில் திருத்தப்படவில்லை. தாமே விளைவித்து உண்டவர்கள் வெளியார் அளித்த உணவுக்குக் கைநீட்டினார்கள். பலர் குடியிருப்பை விட்டே வெளியேறினார்கள்.

தேங்கிய நீரில் நத்தைகள் பெருகின. நத்தைவழிப் பரவும் பில்ஹார்சியா நோய், ஏரிக்கரைச் சிறுவர்களைப் பற்றிக்கொண்டது. சிறுநீரில் குருதி கசிந்தது. அணைக்குக் கீழே ஆண்டுதோறும் வந்த வெள்ளம் நின்றது. வெள்ளம் வளமூட்டிய வயல்கள் வாடின. ஆற்றுச் சிப்பி எடுத்து வாழ்ந்த பெண்களின் தொழில் பட்டுப்போயிற்று. இது தெய்வக் குற்றமன்று, தலையெழுத்துமன்று. எதற்கு முதலிடம் என்று மேசையில் அமர்ந்து மனிதர்கள் எழுதிய வரிசையில், சிப்பி எடுக்கும் பெண்ணும் ஏரியில் குளிக்கும் சிறுவனும் இடம் பெறவில்லை.

இடம் பெயர்ந்தோரின் குடிசைகளில் விளக்காவது எரிந்ததா? இல்லை. ஊரை இழந்து அவர்கள் உண்டாக்கிய மின்சாரம் ஆலைக்கும் நகரங்களுக்கும் ஓடிற்று. அவர்களுள் பலர் பல்லாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்கிலேயே இரவைக் கழித்தனர். நாடு முழுவதற்கும் மின்சாரம் என்ற தேசியத் திட்டம் 1989-இல்தான் பிறந்தது.

எனின் அணையே பிழையா? அவ்வாறு கூறுவது நேர்மையாகாது. அக்கோசோம்போ கானாவின் நகரங்களுக்கும் தொழில்களுக்கும் ஒளி தந்தது. 1970-களில் டோகோவுக்கும் இன்றைய பெனினுக்கும் மின்சாரம் விற்றது. பெரிய ஏரி புதிய மீன்பிடித் தொழிலை வளர்த்தது. நிக்ருமாவும் ஏமாந்த பேதையல்லர். புதிய காலனியாட்சியைத் தோலுரித்துக் காட்டும் நூலை 1965-இல் வெளியிட்டவர் அவரே. அணையைத் தொடங்கிவைத்தது 1966 சனவரி 22-இல். பிப்ரவரி 24-இல், அவர் பீக்கிங் சென்றிருந்த வேளையில், படையினர் ஆட்சியைக் கவிழ்த்தனர். எழுத்தில் எச்சரித்தவர் ஒப்பந்தத்தில் பணிந்தது ஏன்? கையில் வேறு பணமில்லை. விடுதலை பெற்ற ஏழை நாட்டின் இடுக்கண் அதுதான்.

ஆனால், ஒப்பந்தம் வேதமன்று. மனிதர் எழுதியது, மனிதர் திருத்தக்கூடியது. 1983-இல் கடும் வறட்சியால் ஏரி வற்றியது, உருக்காலை ஓய்ந்தது. ராலிங்ஸ் அரசு பேரம் பேசி, 1985-இல் விலையைப் பன்மடங்கு உயர்த்தியது. 2004-இல் கெய்சரின் பங்கையும் 2008-இல் எஞ்சிய பங்கையும் கானா அரசு வாங்கியது. கடன் தருபவர் முகமும் மாறியது: 2013-இல் திறக்கப்பட்ட 400 மெகாவாட் பூயி அணைக்குப் பணம் தந்தது சீனா; கடனுக்குப் பிணையாக நின்றவற்றுள் கானாவின் கோகோவும் ஒன்று. கொடி வேறு, கணக்கேடு ஏறத்தாழ அதே கணக்கேடு.

தோழர்களே! அயலார் உதவியை அறவே வேண்டாம் என்பது வீம்பு. வந்ததெல்லாம் வாழவைக்க வந்தது என்பது மூடநம்பிக்கை. பகுத்தறிவு இரண்டுக்கும் இடையே நின்று கேள்வி கேட்கும். எந்தத் திட்டமானாலும், எந்த நாடானாலும் கேளுங்கள்: முதலிடம் எதற்கு என்று முடிவு செய்தவர் யார்? இழப்பவர் யார்? அவர்கள் அந்த மேசையில் அமர்ந்திருந்தார்களா? முதல் விளக்கு யார் வீட்டில் எரியும்?

விடை சொல்லத் தயங்கும் உதவியை உதவி என்று அழைக்க வேண்டாம். வணிகம் என்றே அழைப்போம். வணிகனிடம் பேசுவதுபோல், விலை கேட்டுப் பேசுவோம்.