மின்னணுத் தரவுச் சேகரிப்பு (மருந்துப் பரிசோதனைகளில்)

புதியதொரு மருந்து நோயைத் தீர்க்கிறதா, தீங்கு விளைக்கிறதா என்பதை மனிதரிடத்தே முறைப்படி சோதித்தறியும் ஆராய்ச்சிகளில், ஒவ்வொரு நோயாளியைப் பற்றிய விவரத்தையும் காகிதத்தில் எழுதாமல் கணினியிலேயே பதிந்து, பிழை கண்டு, திருத்தங்களின் சரித்திரத்தோடு காத்துவைக்கும் மென்பொருள் முறை. இன்று இம்மென்பொருள்களை விற்போரும் வாங்குவோரும் கூடிய சர்வதேசச் சந்தை ஒன்று உருவாகியுள்ளது. எனினும், இம்முறை எந்த நேர்மையைக் காப்பதற்காக ஏற்பட்டதோ அந்நேர்மை கணினிக்கு முற்பட்டது. அதன் சிறந்த உதாரணங்களுள் ஒன்று சென்னையில் உள்ளது.

காகித காலம்: 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசு, உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை கூடிச் சேத்துப்பட்டில் நிறுவிய காசநோய் ரசாயன சிகிச்சை மையம், 193 நோயாளிகளை எவருடைய விருப்பு வெறுப்புக்கும் இடமின்றிக் குலுக்கல் முறையில் இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மற்றவருக்குச் சானடோரியத்திலும் ஓராண்டு சிகிச்சை அளித்தது. முன்னறிவிப்பின்றி வீடு தேடிச் சென்ற ஊழியர் எஞ்சிய மாத்திரைகளை எண்ணிக் குறித்தனர்; மருந்து உண்மையிலேயே உட்கொள்ளப்பட்டதா என்று சிறுநீரைச் சோதித்தும் எழுதிவைத்தனர். 1959இல் வெளிவந்த முடிவின்படி, நோய் அடங்கியவர் சானடோரியத்தில் நூற்றுக்கு 92, வீட்டில் 86. ஏழையின் குடிசையிலும் காசநோயைக் குணப்படுத்தலாம் என்ற அபிப்பிராயம் உலகெங்கும் நிலைபெற்றதற்கு அப்படிவங்களில் எழுதப்பட்ட எண்களே ஆதாரம்.

செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு சுமார் 3,60,000 மக்களைத் தழுவியது. வயது வந்தோரின் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்று 1979இல் அது கூறியபோது பலரும் திகைத்தனர். விரும்பத்தகாத முடிவைச் சொல்லும் ஆய்வுக்குத்தான் பிசகற்ற பதிவேடு மிகவும் தேவை.

மின்னணு முறையின் தோற்றம்: ஆய்வு ஒன்றின் படிவங்கள் பல்லாயிரமாகப் பெருகி, அவற்றைத் தபாலில் வரவழைத்து இருவர் தனித்தனியே கணினியில் ஏற்றி ஒப்புநோக்குவதற்குள் மாதங்கள் கழிந்ததால், மருத்துவமனையிலேயே நேராகப் பதியும் முயற்சிகள் எழுந்தன, இணையம் பரவிய 1990களின் பிற்பகுதியில் அவை வேரூன்றின. மின்னணுப் பதிவும் கையொப்பமும் காகிதத்துக்கு நிகராக ஏற்கப்படுவதற்கான விதிகளை அமெரிக்கா 1997இல் வகுத்தது. மின்னணு முறையின் பயனை ஓர் உதாரணத்தால் அறியலாம். செவிலியர் ஒருவர் ஹீமோகுளோபின் அளவை 12.5 என்பதற்குப் பதில் 125 என்று பதிந்தால், அது இயல்பான எல்லையைக் கடந்ததென மென்பொருள் உடனே வினவுகிறது. அவர் திருத்தினாலும் பழைய எண் அழிவதில்லை. திருத்தியவர், திருத்திய நேரம், காரணம் ஆகிய மூன்றும் உடன் நிற்கின்றன.

சந்தை: இத்தகைய மென்பொருள்களை விற்ற நிறுவனங்களுள், 1997இல் தோன்றிய ஃபேஸ் ஃபார்வர்டை 2010இல் ஆரக்கிள் வாங்கியது, 1999இல் தோன்றிய மெடிடேட்டாவை 2019இல் பிரான்ஸின் தசோ சிஸ்டம்ஸ் சுமார் 580 கோடி டாலருக்கு வாங்கியது. பல்லாண்டு நடக்கும் ஆய்வின் நடுவே மென்பொருளை மாற்றுவது அபாயகரமாதலால், ஒருமுறை பழகியதையே மருந்துக் கம்பெனிகள் தொடர்ந்து நாடுகின்றன. சந்தை சிலர் கையில் திரண்டதற்கு இது முக்கிய காரணம். பெருங்கட்டணம் செலுத்த இயலாத பொது ஸ்தாபனங்களுக்கு, 2004இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் உருவாக்கி, லாபநோக்கற்ற நிறுவனங்களுக்கு உரிமக் கட்டணமின்றி அளித்துவரும் ரெட்கேப் என்னும் மென்பொருள் பேருதவியாயிற்று.

இந்தியாவில்: 2005இல் மருந்து விதிகளில் பரிசோதனைகளை நெறிப்படுத்திய ஒய் அட்டவணை திருத்தப்பட்டதும் அந்நிய நாட்டுக் கம்பெனிகளின் ஆய்வுகள் பெருகின, அவற்றின் தரவுகளைச் சரிபார்க்கும் பணி சென்னை, பெங்களூரு முதலிய நகரங்களின் பட்டதாரிகளுக்குப் புதிய உத்தியோகமாக வாய்த்தது. 2007இல் மருந்துப் பரிசோதனைகளுக்கான தேசியப் பதிவேடு தொடங்கியது; 2009 முதல் அதில் பதிவு கட்டாயமாயிற்று. 2019இல் பரிசோதனைகளுக்கான புதிய விதிகள் அமலுக்கு வந்தன.

இன்றைய தேவை: பெரம்பலூர் மாவட்டத்து லப்பைக்குடிக்காடு போன்ற ஊரிலிருந்து திருச்சிக்கோ சென்னைக்கோ சிகிச்சைக்குச் செல்லும் ஒருவர் தம் உடல்நிலையை அன்றாடம் கைப்பேசியிலேயே பதிய இத்தகைய மென்பொருள்கள் வழிசெய்துள்ளன. ஆயின், கேள்விகள் அவருக்கு விளங்கும் தமிழில் அமையாவிடில், தவறான விடையும் எல்லைக்குள் அடங்கிய எண்ணாக வந்து எவ்விதச் சோதனையையும் கடந்துவிடும். ஆகையால், பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வுகளேனும் மென்பொருளுக்குச் செலவிடும் கவனத்தை நோயாளியிடம் கேட்கும் கேள்விகளின் தெளிவுக்கும் செலவிடுவது இன்றியமையாதது. கேட்டது விளங்கி அவர் சொன்ன உண்மையே மற்ற எல்லாப் பாதுகாப்புக்கும் மூலதனம்.