உறையும் மறைவும்: கைத்துப்பாக்கி ஏந்தலின் சட்ட வரலாறும் கம்பம் பள்ளத்தாக்கும்

ஆய்வுச் சுருக்கம்

படைக்கலத்தை மறைத்து வைத்தல் காலனியச் சட்டத்தில் குற்றத்தின் கடுமையைக் கூட்டும் கூறாக இருந்தது. 2016ஆம் ஆண்டின் படைக்கல விதிகளோ, பொதுவிடத்தில் கைத்துப்பாக்கியை முழுவதும் மூடி எடுத்துச் செல்வதை உரிமம் பெற்றவரின் கடமையாக்குகின்றன. முரண்போலத் தோன்றும் இம்மாற்றத்தைத் தேனி, கம்பம் பள்ளத்தாக்கு ஆகிய பகுதிகளின் வரலாற்றுப் பின்னணியில் இக்கட்டுரை ஆராய்கிறது. சட்டம் தண்டிக்கும் மறைவு அரசிடமிருந்து மறைத்தல் என்பதும், அது கோரும் மறைவு பொதுமக்களின் பார்வையிலிருந்து மூடுதல் என்பதும் இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: படைக்கலச் சட்டம், கைத்துப்பாக்கி உறை, கம்பம் பள்ளத்தாக்கு, மணியாச்சி, பெருங்காமநல்லூர்

முன்னுரை

படைக்கல வரலாறு எழுதுவோர் வாள், வேல், வளரி, துப்பாக்கி ஆகியவற்றைப் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். அவற்றை உடலில் தாங்கும் உறையைப் பற்றிய குறிப்புகளோ மிகக் குறைவு. ஆனால், ஒருவர் தம் படைக்கலத்தை எங்கே, யார் காண வைத்திருக்கிறார் என்ற வினாவுக்கு விடை தருவது உறையே. ஆகவே, கைத்துப்பாக்கி உறையைத் தேர்ந்தெடுப்பதை வெறும் வசதி சார்ந்ததாகக் கருதாமல், படைக்கலம் ஏந்தும் உரிமையின் வரலாற்றோடு இணைத்துக் காண வேண்டியுள்ளது.

இடையும் மடியும்

தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்திலுள்ள புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கண்டறியப்பட்டன. அவற்றுள் ஒன்று ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்த வீரனைக் குறிக்கிறது. அந்நடுகற்களில் உருவம் இல்லை. தமிழகத்தின் பிற்கால நடுகற்களில் வீரன் கையில் வில்லோ வாளோ ஏந்தியும் இடையில் குறுவாளைச் செருகியும் காட்சி தருகிறான். இடையிலுள்ள குறுவாள் பிறர் காண வேண்டிய அடையாளம், அது மறைக்கப்படுவதன்று.

மறைவுக்குரிய இடம் வேறு; அது மடி. வேட்டியின் இடைமடிப்பில் காசும் வெற்றிலையும் புகையிலையும் வைக்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்னும் பழமொழி, மறைத்துச் சுமப்பவனின் மனநிலையைச் சுட்டுகிறது. இடையில் வெளிப்படையாக ஏந்துதல் மதிப்பாகவும், மடியில் மறைத்தல் ஐயத்துக்குரியதாகவும் கருதப்பட்ட இப்பண்பாட்டுப் பின்புலத்தில்தான் காலனியச் சட்டம் நுழைந்தது.

படைக்கலக் களைவு

போடிநாயக்கனூர், கண்டமனூர், தேவாரம், கோம்பை, எரசக்கநாயக்கனூர் முதலியவை திண்டுக்கல் சீமையின் பாளையங்களாக இருந்தன. 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் அச்சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. தென்னகப் பாளையக்காரர் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின், சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் 1801 டிசம்பர் 1இல் வெளியிட்ட அறிக்கை, பாளையக்காரரும் அவர்தம் மக்களும் படைக்கலம் ஏந்துவதைத் தடைசெய்தது. இடையில் வெளிப்படையாக ஏந்திய ஆயுதமே அன்று அரசின் இலக்காக இருந்தது.

1857ஆம் ஆண்டின் கிளர்ச்சிக்குப் பின் இத்தடை இந்தியா முழுமைக்கும் உரிய சட்ட வடிவம் பெற்றது. 1860ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து, லிட்டன் ஆட்சியில் 1878ஆம் ஆண்டின் 11ஆம் சட்டமாக இந்தியப் படைக்கலச் சட்டம் நிறைவேறியது. அதன் 19ஆம் பிரிவு உரிமமின்றிப் படைக்கலம் வைத்திருத்தல் முதலிய குற்றங்களுக்கு மூன்றாண்டு வரை சிறை விதித்தது. 20ஆம் பிரிவோ, அவற்றுள் சிலவற்றை அரசு ஊழியர் அறியக்கூடாது என்ற நோக்கம் புலப்படும் வகையில் செய்தால் ஏழாண்டு வரை சிறை என்றது. சோதனையின்போது ஆயுதத்தை மறைப்பவருக்கும் அதே தண்டனை. மறைவு என்ற ஒரே கூறு தண்டனையின் உச்சவரம்பை இருமடங்குக்கும் மேலாக உயர்த்தியமை கருதத்தக்கது.

இச்சட்டம் எல்லாரையும் ஒரே நிலையில் வைக்கவில்லை. குடகர் இனத்தவர்க்கு உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. ஆண்டிபட்டிக் கணவாய்க்குக் கிழக்கே, உசிலம்பட்டிப் பகுதியின் பிரமலைக் கள்ளரோ குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ்ப் பதிவுசெய்யப்பட்டனர். மக்கள் ரேகைச் சட்டம் என்று அழைத்த அச்சட்டத்தின்கீழ்ப் பதிவானோர் இரவில் காவல் நிலையத்தில் நேர்நிற்க நேர்ந்தது. பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3இல் காவல்துறை சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தனர். ஒரு சமூகத்துக்குத் துப்பாக்கியே உரிமமின்றி அனுமதிக்கப்பட்டது. மற்றொரு சமூகத்தின் நடமாட்டமே அரசின் கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டியதாயிற்று. மறைவு யாருக்குக் குற்றம் என்பதைப் பிறப்பே தீர்மானித்தது.

மணியாச்சி, 1911

மறைத்து ஏந்திய கைத்துப்பாக்கி தமிழக அரசியல் வரலாற்றில் அழுத்தமாக இடம்பெற்ற நாள் 1911 சூன் 17. திருநெல்வேலி ஆட்சியர் இராபர்ட் வில்லியம் ஆஷ், தம் மனைவியுடன் கொடைக்கானலுக்குப் புறப்பட்டு மணியாச்சி சந்திப்பில் முதல் வகுப்புப் பெட்டியில் அமர்ந்திருந்தார். கொடைக்கானலுக்கு மோட்டார்ச் சாலை திறக்கப்படாத அக்காலத்தில், அம்மையநாயக்கனூரில் இருந்த கொடைக்கானல் ரோடு நிலையத்தில் இறங்கி, மாட்டுவண்டியில் பெரியகுளம் அருகேயுள்ள கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பை அடைந்து மலையேறுவதே வழக்கம். இன்றைய தேனி மாவட்டத்தின் வழியே தொடர வேண்டிய அப்பயணம் மணியாச்சியிலேயே முடிந்தது.

செங்கோட்டை வாஞ்சிநாதன் பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் கைத்துப்பாக்கியால் ஆஷைச் சுட்டுவிட்டு, நடைமேடைக் கழிப்பறைக்குள் தம்மையும் சுட்டுக்கொண்டார். நீண்ட குழல்கொண்ட வேட்டைத் துப்பாக்கியுடன் எவரும் முதல் வகுப்புப் பெட்டியை நெருங்கியிருக்க இயலாது. உடைக்குள் அடங்கும் தானியங்கிக் கைத்துப்பாக்கி, மடி என்னும் பழைய மறைவிடத்துக்குப் புதிய ஆற்றலைக் கொடுத்தது. 1878ஆம் ஆண்டுச் சட்டம் அஞ்சிய மறைவு இதுவே. இதனை வீரச்செயலாகக் காண்பதும் குற்றமாகக் காண்பதும் நோக்குவோர் நிலைப்பாட்டைப் பொறுத்தவை. இக்கட்டுரைக்கு வேண்டியது, அம்மறைவு அரசிடமிருந்து மறைத்தல் என்பது மட்டுமே.

விடுதலைக்குப் பின்

1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் 1962 அக்டோபர் 1இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 26ஆம் பிரிவு, அரசு ஊழியர் அறியாதபடி செய்யும் மீறல்களைத் தனியே எடுத்துக்கொண்டு, அவற்றுள் சிலவற்றுக்கு ஏழாண்டு வரை சிறை விதிக்கிறது. காலனியச் சட்டத்தின் 20ஆம் பிரிவு இங்கே தொடர்கிறது எனலாம்.

2016ஆம் ஆண்டின் படைக்கல விதிகள் இதனோடு வேறொரு நெறியைச் சேர்த்தன. அதன்படி, பொதுவிடத்தில் கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்பவர், அதற்கென அமைந்து உடலோடு பிணைக்கப்பட்ட உறையிலோ, முதுகுப்பை போன்ற ஒன்றிலோ வைத்திருக்க வேண்டும். ஆயுதம் முழுவதும் மூடப்பட்டிருக்க வேண்டும். ஏந்துபவர் அதன்மீது திறம்படக் கட்டுப்பாடு செலுத்தக்கூடியவராகவும் இருக்க வேண்டும். திருமணம், திருவிழா, ஊர்வலம் ஆகியவற்றில் துப்பாக்கியைக் காட்டுவதும் சுடுவதும் தடைசெய்யப்பட்டன. வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழா போன்ற பெருங்கூட்டத்தில் வானோக்கிச் சுடும் ஒரு குண்டு எங்கே விழும் என்பதை எண்ணினால் இத்தடையின் பொருள் விளங்கும். 2019ஆம் ஆண்டுத் திருத்தம், கொண்டாட்டத்தில் கவனமின்றிச் சுட்டுப் பிறர்க்கு ஆபத்து விளைவிப்போர்க்கு ஈராண்டு வரை சிறையோ, ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதித்தது.

உறையைத் தேர்தல்

விதிகள் கூறும் மூடுதலும் கட்டுப்பாடும் ஒன்றையொன்று இழுப்பவை. ஆழ மறைத்தால் ஆயுதம் கைக்கு எட்டாது. எளிதில் எட்டினால் பிறர் கைக்கும் எட்டும். நல்ல உறை இவ்விரண்டையும் இணக்குவது. அது குறிப்பிட்ட துப்பாக்கியின் வடிவுக்கேற்ப அமைந்திருக்க வேண்டும். விசையையும் அதன் வளையத்தையும் முழுவதும் மூட வேண்டும். குனிந்தாலும் ஓடினாலும் ஆயுதத்தை நழுவவிடாமல் பற்ற வேண்டும். துப்பாக்கியை எடுத்தபின் வாய் சுருங்காமல் விறைப்பாக நிற்க வேண்டும். முதுகுப்பையை விதி ஏற்றாலும், தோளிலிருந்து இறக்கி வைத்த பையின்மீது கட்டுப்பாடு நிலைப்பதில்லை.

உறையின் உறுதி அது பிணைக்கப்படும் இடைவாரைப் பொறுத்தது. இன்றைய உறைகள் பெரும்பாலும் காற்சட்டையையும் விறைப்பான இடைவாரையும் கருதிச் செய்யப்பட்டவை. கம்பம் பள்ளத்தாக்கின் உழவரோ வணிகரோ அன்றாடம் உடுத்தும் வேட்டிக்கு அப்பிடிமானம் இல்லை. கான்பூரில் செய்யப்பட்டு 2014இல் அறிமுகமான நிர்பீக் .32 சுழல்துப்பாக்கி இலகுவானது எனப் பெயர் பெற்றது. அதுவே ஏறத்தாழ 500 கிராம் எடையுள்ளது. அவ்வெடையை மடிப்பு மட்டும் தாங்காது. உறையின்றி வேட்டி மடிப்பில் செருகப்படும் துப்பாக்கியின் விசை திறந்தே இருக்கும். துணியோ விரலோ பட்டால் வெடிக்கக்கூடும். அரைக்குக் கீழே நழுவி விழவும் கூடும். மடி விதியின் இரு கோரிக்கைகளுள் மூடுதலை மட்டும் நிறைவேற்றுகிறது, கட்டுப்பாட்டைக் கைவிடுகிறது. வேட்டிக்கு மேல் இறுகக் கட்டும் அகலமான தோல்வாரில் உறையைப் பிணைத்து, மேலே சட்டையால் மூடுவதே விதிக்கும் உடைக்கும் பொருந்தும்.

முடிவுரை

1801இல் வெளிப்படையான ஏந்தல் தடைசெய்யப்பட்டது. 1878இல் மறைவு கடுங்குற்றமாயிற்று. 2016இல் மூடுதல் கடமையாயிற்று. இவை முரண்பட்டவை அல்ல. உரிமப் பதிவின் வழியே அரசு அறிந்த ஆயுதத்தை மட்டுமே மூடிச் செல்ல விதி இசைகிறது. பதிவில் இல்லாத ஆயுதத்தின் மறைவு இன்றும் குற்றமே. பொதுமக்களை அச்சுறுத்தாதிருக்க மூடுதலும், அரசு அறியாதிருக்க மறைத்தலும் புறத்தோற்றத்தில் ஒன்றுபோல் இருப்பினும் சட்டத்தில் எதிரெதிரானவை.

எனினும், அரசுக்குத் தெரிந்திருத்தல் என்பது எல்லாக் காலத்தும் நடுநிலையானதன்று என்பதைப் பெருங்காமநல்லூர் நினைவூட்டுகிறது. அங்கே பதிவேடு ஏறியது ஆயுதம் அன்று; மனிதரின் கைரேகை. இன்றைய விதி பிறப்பை நோக்காமல் ஆயுதத்தையும் அதனை ஏந்துவோர் நடத்தையையும் நோக்கும் வரையில்தான், அது காலனியச் சட்டத்திலிருந்து வேறுபடுகிறது. மடியிலிருந்து உறைக்கு நேர்ந்த மாற்றத்தை அவ்வேறுபாட்டைக் கொண்டே அளக்க வேண்டும்.