ஓரியூர்ப் பாதையில் சோறு

ஸ்பெயின் தேசத்தில் சந்தியாகப்பர் கல்லறைக்குப் போகிற பாதையில் இப்போது சாப்பிடுவதற்கென்றே நடக்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட கோஷ்டி. முன்னே ஒரு வழிகாட்டி. காலையில் சில மைல் நடை, மத்தியானம் ஓர் ஊரின் பேர்போன ரொட்டி, சாயங்காலம் இன்னோர் ஊரின் பேர்போன மது. மெலிதே என்ற ஊரில் நிறுத்தி, அவித்த பேய்க்கணவாயை மிளகாய்ப்பொடி தூவிச் சாப்பிடுவார்கள். இராச்சே மடத்துக்குப் பக்கத்தில் 1991 முதல் ஒரு குழாய் இருக்கிறது. திறந்தால் மது வரும், யாத்ரிகனுக்கு இலவசம். 1987இல் ஐரோப்பியக் கவுன்சில் இதைக் கலாசாரப் பாதை என்று அறிவித்தது. 1993இல் ஸ்பெயின் பகுதி யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

இதைக் கேலி செய்வது சுலபம். ஆனால் 12ஆம் நூற்றாண்டில் இதே பாதைக்கு லத்தீனில் எழுதப்பட்ட வழிகாட்டியும் சாப்பாட்டைப் பற்றி நிறையக் கவலைப்படுகிறது. எஸ்தெல்லாவில் ரொட்டியும் மதுவும் நன்று, மீனும் இறைச்சியும் தாராளம் என்கிறது. ஓர் உப்பாற்றங்கரையில் இரண்டு பேர் கத்தி தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும் சொல்கிறது. தண்ணீர் குதிரைக்கு ஆகுமா என்று கேட்டதற்கு ஆகும் என்றார்கள். குடித்துச் செத்த குதிரைகளை அங்கேயே தோலுரித்தார்கள். நடப்பவனுக்குச் சாப்பாடு அன்று ருசிப் பிரச்னையாக இருக்கவில்லை. யாரை நம்பி வாயில் வைப்பது என்ற பிரச்னையாக இருந்தது. இன்றைய கோஷ்டிக்கு அந்தப் பயம் கிடையாது; பணம் முன்கூட்டியே கட்டியாகிவிட்டது.

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு நம் கரிசலிலிருந்து கிழக்கே போகிற ஒரு பாதையில் நடந்து பார்க்கலாம் என்று தோன்றுகிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, வைகையைக் கடந்து இளையான்குடி, சருகணி, திருவாடானை, பிறகு பாம்பாற்றங்கரையில் ஓரியூர். நூறு கிலோமீட்டருக்கு மேல். அருளானந்தர் என்று நம் ஜனங்கள் அழைக்கிற ஜான் டி பிரிட்டோ 1693 பிப்ரவரி 4ஆம் தேதி, ஒரு புதன்கிழமை, தலை வெட்டப்பட்ட இடம் அது. இன்றும் அங்கே புதன்கிழமைக்குத் தனி மவுசு. இந்தப் பாதைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. திருச்சுழியை ரமணர் பிறந்த ஊராகத் தெரிந்தவர்கள் பலர். ஓரியூர் போகிறவன் கால் வைத்துத் தாண்டுகிற ஊராக நினைப்பவர்கள் குறைவு.

திருநாள் தை மாதப் பிற்பாதியில் வருகிறது. ஐப்பசி மழைக்கு விதைத்த மானாவாரி வெள்ளாமை வீடு வருகிற சமயம். கரிசலில் கம்பும் சோளமும் களத்தில் கிடக்கும். மல்லிச் செடி காய்கிற வாசனை ரோட்டுக்கு வரும். நரிக்குடிக்குக் கிழக்கே மண் மாறும். கண்மாய் நெல், வத்தல் மிளகாய், இரண்டுக்கும் நடுவே சீமைக்கருவேலம். வருஷத்தில் இந்தப் பூமியில் ஒருவன் இன்னொருவனுக்கு யோசிக்காமல் சோறு போடக்கூடிய வாரங்கள் சில உண்டென்றால் அவை இவைதான். அருளானந்தர் ஆடி மாதத்தில் கொல்லப்பட்டிருந்தால் இந்த யாத்திரை இப்படி வளர்ந்திருக்குமா என்பது சந்தேகம்.

நடப்பவர்களின் பழைய உணவு கட்டுச்சோறு. புளிச்சோறு, கானத் துவையல், மோர்மிளகாய், ஒரு துண்டு கருப்பட்டி. இரண்டு நாள் கெடாது என்பது அதன் ஒரு குணம். இன்னொரு குணத்தை யாரும் சொல்வதில்லை: கட்டுச்சோறு வைத்திருப்பவன் எந்தத் திண்ணையிலும் கை நீட்ட வேண்டாம். நீ யார், எந்தத் தெரு என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம். நம் ஊர்ப் பாதைகளில் கட்டுச்சோறு பசிக்கு மட்டுமல்ல, அந்தக் கேள்விக்கும் பதில்.

ஏனென்றால் இது வேறொரு யாத்திரையின் பூமி. சேதுபதி என்ற பட்டத்தின் அர்த்தமே சேதுவுக்குக் காவலன் என்பது. ராமேஸ்வரம் போகிறவனுக்கு வழியில் பாதுகாப்பும் சோறும் தருவதுதான் அந்த அரசின் நியாயம். வழிநெடுக சத்திரங்கள் கட்டினார்கள், கிராமங்களை மானியமாக எழுதிவைத்தார்கள். அன்னதானம் பெரிய காரியம்தான். ஆனால் பந்தி ஜாதி பார்த்து நடந்தது. கடைசி ஜாதிகளுக்குப் பந்தியே இல்லை. ஊர் உண்பதால் ஊருணி என்று பெயர். அந்த ஊருணியில் இறங்க முடியாதவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருந்தார்கள். அப்படியானால் ஊர் என்பது யார்?

அருப்புக்கோட்டை நாடார் வியாபாரிகள் இதற்குத் தங்கள் வழியில் ஒரு பதில் கண்டுபிடித்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் வண்டிப் பாதைகளில் தாங்களே பேட்டைகள் அமைத்தார்கள். மாட்டை அவிழ்த்துக் கட்டி, சரக்கைப் பத்திரப்படுத்தி, பொங்கித் தின்ன ஓர் இடம். செலவுக்கு மகமை. அடுத்தவன் சத்திரத்து வாசலில் நிற்பதைவிடச் சொந்த அடுப்பு மேல் என்ற தீர்மானம் அது. 1897இல் கமுதிக் கோவிலுக்குள் நுழைந்ததற்காக அவர்கள் மேல் வழக்குப் போட்டார்கள். அது லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் அவர்களுக்கு எதிராகத் தீர்ந்தது. அவர்கள் வெல்லத்தையும் கருப்பட்டியையும் வாங்கிக்கொள்ள எந்த ஊருக்கும் ஆட்சேபணை இருந்ததில்லை.

இளையான்குடி இந்தப் பாதையில் ஒரு திருப்பம். பெரியபுராணத்து மாறனாரின் ஊர். மழை ராத்திரியில் வந்த அடியாருக்குச் சோறு போட, பகலில் விதைத்த நெல்லை வயலிலிருந்து வாரிக்கொண்டுவந்து, விறகுக்கு வீட்டுக் கூரையை வெட்டியவர். விருந்தோம்பலின் உச்சம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிறார்கள். விதை நெல்லைச் சமைப்பது என்பதன் பயங்கரம் மானாவாரிக்காரனுக்குத்தான் தெரியும். முஸ்லிம்கள் நிறைந்த இன்றைய இளையான்குடி வழியாகத்தான் அருளானந்தரின் பக்தன் போகிறான். இந்தப் பாதையில் எந்தச் சரித்திரமும் தனியாக வருவதில்லை.

இனி பண்டாரத்துக்கு வருவோம்.

1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி மாமிசம், மது இரண்டையும் விட்டார். நாளைக்கு ஒரு வேளை, சோறும் காய்கறியும் பாலும். சமைக்க ஒரு பிராமணர். பரங்கி என்ற சொல்லுக்கு அன்று மாட்டிறைச்சி தின்று சாராயம் குடிப்பவன் என்று அர்த்தம்; அந்த அர்த்தத்திலிருந்து தப்பிப்பதற்கு அவர் முதலில் மாற்றியது உடுப்பையும் உணவையும். பூணூல், சந்தனம், குடுமி பற்றிய சண்டை ரோமாபுரி வரை போய் 1623இல் போப்பின் அனுமதி கிடைத்தது. ஆனால் பிராமண சந்நியாசியால் மற்ற ஜாதிகளிடம் தாராளமாகப் போக முடியாது. அதனால் 1640 வாக்கில் பல்தசார் த கோஸ்தா பண்டாரசாமி என்ற இன்னொரு வேஷத்தைத் தொடங்கினார். சைவப் பண்டாரத்தின் காவி, சைவப் பண்டாரத்தின் உணவு. லிஸ்பனில் இளவரசன் பேத்ருவின் அரண்மனைப் பையனாக வளர்ந்த பிரிட்டோ 1674இல் மதுரை மிஷனுக்கு வந்தபோது எடுத்துக்கொண்டது இந்த வேஷம். 1687இல் போர்ச்சுகலுக்கு அனுப்பப்பட்டபோதும் அவர் இந்த உணவை விடவில்லை என்று அவர் சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள். அதற்குப் பிறகு அதை வேஷம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இருந்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும். இந்த மரக்கறி யாரை நோக்கிச் சமைக்கப்பட்டது? மேலே இருப்பவனின் அருவருப்பைச் சமாளிக்க. பறையர் வீட்டில் சாகக்கிடப்பவனுக்கு அவஸ்தை கொடுக்கக்கூட உள்ளே போகாமல், அவனை வெளியே தூக்கிவரச் சொன்ன மிஷன் இது. 1704இல் புதுச்சேரியில் தூர்னோன் போட்ட உத்தரவு இதைக் கண்டித்தது. விவகாரம் 1744இல் போப் பதினான்காம் ஆசீர்வாதப்பரின் ஆணையோடுதான் முடிந்தது. முடிவு என்ன தெரியுமா? பறையருக்கென்று தனிக் குருக்கள். கிறிஸ்தவத்தின் நடுக்காரியமே ஒரு சாப்பாடு. ஓர் அப்பத்தைப் பிட்டு எல்லோரும் தின்பது. அந்த ஓர் அப்பத்தை நம்மவர்கள் இரண்டு வரிசையில் நின்று வாங்கினார்கள். வடக்கன்குளத்தில் ஜாதிக்கொரு பக்கமாகக் கால்சட்டை போலப் பிரித்துக் கட்டிய கோவிலின் நடுச்சுவர் 1910இல்தான் இடிந்தது.

1693 ஜனவரி 6ஆம் தேதி சிறுவல்லியின் தடியத்தேவருக்கு அருளானந்தர் ஞானஸ்நானம் கொடுத்தார். ஒரு மனைவியைத் தவிர மற்றவர்களைத் தேவர் விலக்க வேண்டியதாயிற்று. விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். இரண்டு நாளில் கைது, ராமநாதபுரத்தில் சிறை, பிறகு ஓரியூருக்கு அனுப்பி அங்கே வெட்டினார்கள். யாத்ரிகனைக் காப்பதற்கென்றே ஏற்பட்ட ஓர் அரசு, தன் கையாலேயே இன்னொரு யாத்திரைக்குத் தலம் உண்டாக்கிக் கொடுத்தது. 1853இல் ரோமாபுரி அவரை முக்திப்பேறு பெற்றவர் என்றது. 1947இல் அர்ச்சிஷ்டர் என்றது. ஓரியூர் ஜனங்கள் இரண்டுக்கும் காத்திருக்கவில்லை. ரத்தம் பட்டுச் சிவந்தது என்று அந்த மண்ணை அள்ளிப்போகத் தொடங்கிவிட்டார்கள்.

மண்ணை மட்டுமா? ஓரியூரில் கிடா வெட்டுகிறார்கள். குழந்தை பிறந்தால், வியாதி தீர்ந்தால், மாடு பிழைத்தால். மொட்டை போட்டு, காது குத்தி, ஆட்டுக்கு மாலை போட்டு வேண்டுதலைச் செலுத்தி, கோவிலுக்கு வெளியே அறுத்து, அங்கேயே கல் கூட்டிச் சமைக்கிறார்கள். வேதக்காரர்கள் மட்டுமல்ல, கள்ளர், மறவர், உடையார் என்று இந்துக்கள் நிறைய. பண்டாரமான பிறகு மாமிசத்தைத் தொடாத ஒரு மனிதரின் சந்நிதியில் ஆட்டுக்கறி கொதிக்கிறது.

படித்த கத்தோலிக்கர்களுக்கு இது சங்கடம். அறியாமை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மறவர் சீமையில் அநியாயமாக வெட்டுப்பட்டுச் செத்தவன் காவல் தெய்வமாக நிற்பான். அவனுக்குக் கிடா உண்டு. சைவ குருவாக வாழ்ந்தவரைச் சீமையின் ஜனங்கள் கறுப்பசாமிகளின் வரிசையில் சேர்த்துக்கொண்டார்கள். செத்த பிறகு அருளானந்தரின் ஜாதி மாறிவிட்டது. மிஷன் நூறு வருஷம் கஷ்டப்பட்டு மேலே ஏற்றிவைத்த இலையை, குடியானவன் தன் அடுப்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான். அவரைப் பற்றிய புத்தகங்கள் கத்தியைப் பற்றி எழுதுகின்றன. அடுப்பைப் பற்றி எழுதியிருந்தால் இந்த மாற்றம் கண்ணில் பட்டிருக்கும்.

சமைத்ததை அசனம் என்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கத்துப் புராட்டஸ்டண்டுகளும் இதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். அங்கேயும் திருநாளில் ஊரே ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் சாப்பிடும். ஓரியூர் அசனத்தின் விதி எளிது: வேண்டுதல்காரன் தான் மட்டும் தின்னக் கூடாது. முதலில் ஏழைகளுக்கு, வந்தவர்களுக்கு. ஒரு புதன்கிழமை நானும் ஒரு புளிய மரத்தடியில் அப்படி உட்கார்ந்தேன். என் இலையில் சோறு போட்ட பெரியவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. "தம்பி, குழம்பு பத்துமா?" என்று மட்டும் கேட்டார். பக்கத்து இலைக்காரரும் என்னிடம் ஊர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை என்று எழுதினால் பொய். கேட்பது அங்கே மரியாதை இல்லை என்று தெரிந்தது. கட்டுச்சோற்று மூட்டையை அவிழ்க்காமலே இருந்த முதல் வேளை அது.

இதைப் பெரிய சமத்துவமாக நான் கொண்டாடப் போவதில்லை. ஒரு வேளைச் சோற்றில் ஜாதி கரைந்துவிடும் என்றால் இந்தச் சீமையில் இத்தனை கலவரங்கள் நடந்திருக்காது. ஓரியூரில் ஒன்றாக உட்கார்ந்தவர்கள் தங்கள் ஊர்க் கல்லறையில் தனித்தனியாகத்தான் படுக்கிறார்கள். சோற்றுக்காக வேதத்தில் சேர்ந்தவர்கள் என்று தாது வருஷப் பஞ்சம் முதல் ஒரு ஏச்சு இருக்கிறது. அந்த ஏச்சைச் சொன்னவர்கள் யாரும், சோறு வேறு எங்கே கிடைத்திருக்கும் என்று சொல்லவில்லை.

நாளை ஒரு கம்பெனி இந்தப் பாதையையும் கண்டுபிடிக்கலாம். அருப்புக்கோட்டையில் கருப்பட்டி மிட்டாய், திருச்சுழியில் கம்பங்கூழ், இளையான்குடியில் பிரியாணி, ஓரியூரில் கறிச்சோறு என்று அட்டவணை போடலாம். கம்பங்கூழ் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். விற்கிறவளுக்கு நாலு காசு வரும். ஆனால் காசு கொடுத்துச் சாப்பிடுகிறவனிடம் யாரும் எந்தத் தெரு என்று கேட்பதில்லை. அதனாலேயே, கேட்காமல் இலை போடுவது இந்த மண்ணில் எவ்வளவு பெரிய விஷயம் என்று அவனுக்குத் தெரியாமல் போகும்.

திரும்பும்போது திருவாடானையில் பஸ் ஏறினேன். பக்கத்தில் இருந்தவர் ஓரியூருக்கா என்றார். ஆமாம் என்றேன். நல்ல அசனமா என்றார். நல்ல அசனம் என்றேன். காளையார்கோவில் தாண்டுவதற்குள், தம்பிக்கு அருப்புக்கோட்டையில் எந்தப் பக்கம் என்று ஆரம்பித்துவிட்டார்.