ஆட்டிட்யூட்: ஒரு சொல்லின் பூர்வோத்தரம்

‘அவனுக்கு ஆட்டிட்யூட் ஜாஸ்தி’ என்று இன்று நாம் சலித்துக்கொள்ளும் அச்சொல், லத்தீனில் தகுதியைக் குறித்து, இத்தாலி வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துள் புகுந்தபோது, மனத்தையன்று, சிலையிலும் சித்திரத்திலும் தேகம் நிற்கும் நிலையையே சுட்டியது.

1787இல், நேபிள்ஸுக்கான பிரிட்டிஷ் தூதர் ஹாமில்டனின் இல்லத்தில், எம்மா என்னும் அழகி கூந்தலை அவிழ்த்துவிட்டு, இரண்டொரு சால்வைகளையே மாற்றி மாற்றிப் போர்த்தி, கணத்துக்கொரு பாவமாய்ப் புராதனச் சிலைபோல் நின்று காட்டியதை மகாகவி கதே கண்டு வியந்து எழுதிவைத்தார். அந்நிலைகளுக்கு ஆட்டிட்யூட் என்றே பெயர்.

உடல்நிலை, மனநிலை இரண்டையும் ஒரே ‘நிலை’யில் அடக்கிய நமக்கு, இச்சொல் பின்னர் உடலிலிருந்து மனத்துக்குத் தாவியதில் ஆச்சரியமில்லை. மனோபாவம் என்னும் அர்த்தம் 19ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது. அகம்பாவம் என்பதோ பின்வந்த அமெரிக்கக் கொச்சை. விமானியோ இன்றும் தம் ஊர்தியின் சாய்வையே அச்சொல்லால் குறிக்கிறார்.